கொடியில் காயும் கிளவுஸ்

மார்ச் 3

இன்றைக்கும் பின்வாசல் கொடியில் கிளவுஸ் காயப் போட்டேன். ஊசி போட வந்த குழந்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அத்தனை கையும் யாரோடது?" என்று கேட்டது. எல்லாம் என்னோடதுதான் என்றேன். பயத்தில் அழுகை நின்றுவிட்டது. ஊசி சுலபமாக முடிந்தது.

மாட்டிய கிளவுஸைக் கழுவி, காயவைத்து, வேகவைத்து, பவுடர் தட்டி மறுபடி மாட்டுவது எங்கள் நர்சிங் ஹோம் வழக்கம். ஒரு தடவைக்கு மேல் மாட்டக்கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். சேர்ந்த அன்றே சீனியர் அக்கா சோப்பைக் கையில் கொடுத்துவிட்டாள். இப்போது யோசிப்பதுகூட இல்லை. கால் அதுபாட்டுக்குக் குழாயடிக்குப் போகிறது.

மார்ச் 5

கூடப் படித்தவள் போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களாம். பதினொன்றாம் தேதி தேர்வு. "அங்கேயே கிடந்து மக்கிப் போகாதடி" என்றாள்.

மக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஊரில் நர்சு படித்தவளுக்கு என்ன இருக்கிறது? அரசு ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்து எத்தனை வருடமோ. மருந்துக்கடையில் நின்று இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் இந்த நர்சிங் ஹோமை நடத்தும் டாக்டரம்மா. சுற்றிச் சுற்றி டாக்டரம்மாதான்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நீ போயிட்டா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை, கால் விழுந்ததிலிருந்து டாக்டரம்மா வாராவாரம் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். ஒரு பைசா வாங்கியதில்லை. அதுதான் கஷ்டமே. வாங்கியிருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மார்ச் 10

நாளைக்கு லீவு வேண்டுமே. பல் வலி, வெளியூரில் காட்டவேண்டும் என்று புளுகினேன். டாக்டரம்மா விடுவாரா? வெளிச்சத்துக்கு இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சொத்தை எதுவும் இல்லையே?"

"உள்ளுக்குள்ள வலிக்குது டாக்டர்."

டார்ச்சை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சரி, போயிட்டு வா" என்று மாத்திரையும் கொடுத்தார். அதை வேறு அவர் எதிரிலேயே விழுங்கவேண்டியதாயிற்று.

மார்ச் 11

எழுதவே பிடிக்கவில்லை. பஸ்ஸிலேயே அழுது தீர்த்தாயிற்று.

கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னேன். பிறகு ஒரு பொம்மைக்குப் புண் துடைத்துக் கட்டுப் போடச் சொன்னார்கள். கை நடுங்கவே இல்லை. தேர்வு நடத்திய மேட்ரன் கட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு வந்து தொலைத்திருக்கலாம் இல்லையா?

கிளவுஸைக் கழற்றினேன். காலடியிலேயே குப்பைத் தொட்டி. அதைத் தாண்டி நேரே குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவினேன். ஓட்டை இருக்கான்னு ஊதி வேற பாத்தேன், பாவி. அப்புறம் திரும்பி நின்று கேட்டேன் — "மேடம், இதை எங்க காயப் போடணும்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மேட்ரன் வராந்தாவுக்கு வந்து தனியாகச் சொன்னார். "கை நல்ல கைம்மா. பழக்கம்தான் கெட்டுக் கிடக்கு. செப்டம்பர்ல மறுபடி எடுப்போம், உன்னைக் கூப்பிடச் சொல்றேன். அதுக்குள்ள இதை மறந்துட்டு வா."

எங்கே போய் மறப்பது? அங்கேதானே திரும்பிப் போகிறேன்.

மார்ச் 12

"பல்லு எப்படி இருக்கு?"

"சரியாப் போச்சு டாக்டர்."

மார்ச் 20

வைராக்கியமாக இரண்டு நாள் கிளவுஸைத் தொட்டியில் போட்டேன். சீனியர் அக்கா அதைப் பொறுக்கிக் கழுவிக் கொடியில் போட்டாள். "உனக்கென்ன கிறுக்கா? மாசக் கடைசியில கிளவுஸ் தீர்ந்து வெறுங்கையோட நிப்பியா?"

டாக்டரம்மா காதுக்கும் போய்விட்டது. கோபிப்பார் என்று பார்த்தால் உட்கார வைத்துப் பேசினார். "ஒவ்வொருத்தருக்கும் புதுசு மாட்டினா அந்தக் காசை யார் தலையில வைக்கிறது? கூலி வேலைக்குப் போறவங்கதானே நம்மகிட்ட வர்றாங்க." மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

மே 8

கொடி நிறைய கை. மழை வந்து எல்லாவற்றையும் உள்ளே அள்ளினேன்.

ஜூலை 14

சீனியர் அக்கா புருஷனுக்கு மாற்றல். அவளும் போய்விட்டாள். ஸ்டோர் சாவி இப்போது என் இடுப்பில். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாயிற்று. நடக்கும்போது சாவி குத்துகிறது.

ஆகஸ்ட் 23

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். மறுபக்கம் டாக்டரம்மா தோள் கொடுத்தார். அம்மா அழுதாள். நானும்தான். சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம். ஆனால் அப்பா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எனக்கு ஒரு கதவு சாத்தின மாதிரி ஏன் இருந்தது? சீ, என்ன பெண் நான்.

செப்டம்பர் 6

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே செய்தி வந்துவிட்டது. பதினாறாம் தேதி வரச்சொல்லி. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பதில் போடவில்லை.

இன்று காலை ஒரு புதுப்பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் ஆளுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு, கழற்றிய கிளவுஸைத் தொட்டியில் போட்டாள். எதுவும் தோன்றுவதற்கு முன்னாலேயே நான் குனிந்து அதை எடுத்துவிட்டேன். "உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டதும் நான்தான். அவள் கையில் சோப்பைக் கொடுத்தேன். கழுவிவிட்டு, "அக்கா, இதை எங்க காயப் போடணும்?" என்றாள். கொடியைக் காட்டினேன்.

சாயங்காலம் அப்பாவைப் பார்க்க டாக்டரம்மா வந்தார். பார்த்து முடித்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"இந்த மாசம் பல் வலி எதுவும் இல்லையே?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன்.