குடிக்காதவருக்கு வைத்த குவார்ட்டர்

இன்னைக்கு உங்க முதல் வருசத் திதி. இலையில கறிக்குழம்பும் பணியாரமும் வச்சு முடிக்கல, உங்க தம்பி ஒரு குவார்ட்டர் பாட்டிலக் கொண்டாந்து ஓரத்துல வச்சாரு. மூடியத் திறந்ததும் அந்த நாத்தம் குப்புன்னு அடிச்சுச்சு. "அண்ணனுக்குப் பிடிச்சதுல்ல மதினி"ன்னு கண்ணத் தொடைக்கிறாரு. உங்களுக்கா? ஒரு சொட்டு நாக்குல பட்டிருக்குமா?

காரைக்குடியச் சுத்தி எந்தக் கல்யாணம்னாலும் உங்க சமையல்தான். நீங்க அளந்து போட்டு நான் பாத்ததில்ல. அண்டாவ ஒரு பார்வை பாப்பீக, கை தானா உப்ப அள்ளும். அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்துச்சு. அரியக்குடி கல்யாணத்துல சாம்பார் சப்புன்னு போச்சு. வீட்டுக்கு வந்து மெதுவாச் சொன்னீக: "அண்டா கொட்டாங்கச்சி அளவுக்குச் சுருங்கிப் போச்சு புள்ள. அதுக்குத் தக்கனதான் போட்டேன்." இன்னொரு பந்தியில, சாப்பிட்டு எந்திரிச்சுப் போன ஆளு இன்னும் உக்காந்திருக்கதா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சு, எச்சில் இலையில ரசத்த ஊத்தினீக. மாஸ்டருக்கு ஏறிருச்சுன்னு எல்லாரும் சிரிச்சாக.

கண்ணாடி மாத்தியும் தீரல. மதுரையில மூளை டாக்டர்தான் சொன்னாரு, கண்ணுல குத்தமில்ல, இது வலிப்பு, சிலருக்குக் கையு காலு இழுக்காம இப்பிடிப் பார்வை மாறியும் வரும்னு. மாத்திரை தந்தாரு. அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னாரு. திரும்பி வர பஸ்ஸுல என் கையப் பிடிச்சுக்கிட்டு, "குடிகாரன்னா சொல்லிட்டுப் போறாக. காக்கா வலிப்புன்னு தெரிஞ்சா நம்ம மகள யாரு கட்டுவா? மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னீக. பண்ணினேன்.

பெறகு, டாக்டர் சொன்னதையும் கேக்காம, கல்லல் ஊருல ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனீக. நீங்க அடுப்படிக்குப் பின்னால விழுந்து கெடந்ததப் பாத்தவுக, போதை தெளியட்டும்னு அரிசி மூட்டைக்கிட்டப் படுக்கப் போட்டுட்டுப் பந்தியக் கவனிக்கப் போயிட்டாக. வலிப்புன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பாக. பந்தி முடிஞ்சு வந்து தொட்டா உடம்பு சில்லுன்னு இருந்துச்சாம். அவுக மேல கோவமில்ல. உங்க மேலதான் இன்னும் ஆறல.

இன்னைக்கு எல்லாரும் கைகழுவிட்டுக் கெளம்புற நேரம், மக என்னைய அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயிக் கேட்டா: "அம்மா, அப்பா நெசமாவே குடிச்சாரா?"

அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல. அண்டா சுருங்கினது, போன ஆளு போகாமத் தெரிஞ்சது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுவான்னு நெனச்சேன். அவ அசையாம என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

"உன் மொகம் இப்ப எம்புட்டுச் சின்னதாத் தெரியுது தெரியுமாம்மா? கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். பயமா இருந்துச்சு, சொல்லல."

ஐயோன்னு அவ கையப் பிடிச்சு வாசலுக்கு இழுத்துட்டு வந்தேன். வாசல்ல உங்க தம்பி செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தாரு. "காரு பிடிங்க தம்பி, மதுரைக்குப் போகணும்"னேன்.

"என்ன மதினி, எதுக்கு?"

"என் மகளுக்கு வலிப்பு. உங்க அண்ணனுக்கும் அதுதான்."

சொந்தபந்தமெல்லாம் அப்பிடியே நின்னு திரும்பிப் பாத்தாக. பாக்கட்டும். உங்க சத்தியத்த மீறிட்டேங்க. இவளையும் யாரும் மூட்டைக்கிட்டப் போட்டுட்டுப் போயிறக் கூடாது.