ஆமைக்கு வைத்த பெயர்

ஹாங்காங், 3 மார்ச் 1933

லாம் அண்ணாவுக்கு,

கடை நன்றாக நடக்கிறதா? அண்ணி நலமா? பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த உரிமையில் ஒரு தொல்லை கொடுக்கிறேன். நான் துணையாசிரியனாக இருக்கும் இயற்கை வரலாற்று இதழுக்குப் பல்கலைக்கழகம் உதவியை நிறுத்திவிட்டது. "தவளைக்கும் தும்பிக்கும் இங்க காசு இல்ல" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். யாராவது கைகொடுக்காவிட்டால் வரும் இதழே கடைசி. கொடுப்பவரின் பெயரைப் புதிதாகக் கண்டுபிடித்த உயிரினம் ஒன்றுக்கு ஆசிரியர் பெல்ஹாம் துரை வைப்பார். உலகம் உள்ளவரை அது நிற்கும்.

தம்பி,
மோக் கிங்-யான்

11 மார்ச்

தம்பி யான்,

கருவாட்டு வியாபாரியிடம் தவளைக்குப் பணம் கேட்க உனக்குத்தான் துணிச்சல் வரும். தருகிறேன். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்குள் இதழ் வந்துவிட வேண்டும். தேநீர்க்கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். "உனக்குக் கொக்கா, கழுகாடா?" என்று கேட்கிறார்கள். எதுவானாலும் என் பெயர் வரும் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டப்போகிறேன்.

ஷெக் லாம்

20 மார்ச்

லாம் அண்ணா,

எழுதக் கை வரவில்லை. துரை உங்கள் பெயரை வைத்திருப்பது ஓர் ஆமைக்கு.

நம்மில் ஒருவனை ஆமை என்றால் அவன் பெண்டாட்டி வேறொருவனோடு போகிறாள் என்று அர்த்தம். அதை அவரிடம் எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். "உங்க ஆளுங்க நீண்ட ஆயுசுன்னு ஆமையைக் கொண்டாடுவீங்களே, மோக்!" என்று சிரிக்கிறார். கோயில் வாசலில் கல் ஆமையைப் பார்த்திருக்கிறார். அதோடு அவர் படிப்பு முடிந்தது.

படம் கிடையாது; பெயர் லத்தீனிலும் விவரம் ஆங்கிலத்திலும்தான் அச்சாகும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

யான்

22 மார்ச்

யான்,

அண்ணி நலமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. அவள் தாய்வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. ஊர் ஏற்கனவே கண்டபடி பேசுகிறது. அந்தப் பக்கத்தில் என் பெயர் வந்தால் இனி என் கடை வாசலை மிதிக்காதே. பணமும் கிடையாது.

லாம்

1 ஏப்ரல்

லாம் அண்ணா,

உங்கள் பெயரை எடுத்தாயிற்று. வேறு பெயர் கொடு, இல்லாவிட்டால் இருப்பதுதான் என்றார் துரை. நம்மவர் யாரைச் சொன்னாலும் இதே அவமானம். என் பெயரைக் கொடுத்தேன். "ஓ, உனக்கே வேணும்னுதான் இத்தனை நாடகமா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. "நீங்க ஆமைன்னா அப்ப நான் யாரு?" என்று மெய்-லான் கேட்டாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

பணத்துக்காக இதை எழுதவில்லை. இதுதான் கடைசி இதழ். அண்ணியைப் பற்றித் தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

யான்

9 ஏப்ரல்

தம்பி யான்,

அச்சகத்தில் பணம் கட்டிவிட்டேன். இந்த இதழுக்கும் இனி வருபவற்றுக்கும். என் பெயரை ஒரு கொசுவுக்குக்கூட வைக்காதே.

நீ சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை நானே மாட்டி, விருந்து நாளில் அதன் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று தேநீர்க்கடையில் ஒருவன் உன்னை "ஆமை வாத்தியார்" என்றான். மேசையில் ஓங்கிக் குத்தினேன், அவன் கோப்பை உடைந்தது.

மெய்-லானுக்கு உலர்ந்த சிப்பி அனுப்பியிருக்கிறேன். கோபமோ தாபமோ, அவள் உன் வீட்டில்தான் இருக்கிறாள். போய்ப் பேசு.

உன் அண்ணன்,
லாம்