தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டால் நீ பதில் போடுவதில்லை; நேரே விஷயத்துக்கு வருகிறேன். பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்து அம்மாள் வந்து மூன்று நாள் நம் வீட்டை அளந்தாள். கூடத்து உத்தரம் முப்பதடி, ஒரே மரம், நடுவில் தூண் கிடையாது. "இந்த ஊர்ல இப்படி இன்னொண்ணு இல்லம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாம் இருவரும் கையெழுத்துப் போட்டால் வீடு பாதுகாப்புப் பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் சாலையை அகலப்படுத்த ஜூனில் இடித்துவிடுவார்கள். படிவத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

ரயில் நிலையம் கிழக்கே வரப்போகிறது என்று எவனோ சொன்னதை நம்பி, கொள்ளுத்தாத்தா வாசலைக் கிழக்கே வைத்தார். நிலையம் மேற்கே வந்தது. கடைத்தெருவும் அங்கே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பின்பக்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஏமாளித்தனத்தை எதற்குப் பாதுகாக்க வேண்டும்? தெருப் பக்கம் சுவரை உடைத்து வாசல் வை, கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

கோபத்தோடுதான் கொத்தனாரை வரச்சொன்னேன். பூச்சைக் கொத்தியதும் உள்ளே செங்கல் வளைவு தெரிந்தது; அதன் கீழே தேக்கு நிலை, மூன்று படிகள். "ஏற்கெனவே வாசல் வெச்சு அடைச்சிருக்காங்கம்மா!" என்றார் கொத்தனார்.

அத்தையிடம் ஓடினேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது! நிலையம் வந்த வருஷமே கொள்ளுத்தாத்தா இந்த வாசலை வைத்தாராம். திறந்த அன்று எதிர்வீட்டுக்காரர், "இப்பவாவது புத்தி வந்துதே" என்று சிரித்தாராம். பொழுது சாய்வதற்குள் செங்கல் வைத்து அடைத்துவிட்டாராம் மனிதர். ஏமாளி இல்லையடா அவர், ரோஷக்காரர். யாரோ 'பின்பக்கம்' என்று கேலி செய்தான் என்று பதினொரு வருஷம் ஊர்ப்பக்கம் வராத நீ வேறு யார் கொள்ளுப்பேரனாக இருப்பாய்?

பழைய வாசல்தான், திறக்கலாம் என்கிறாள் அளந்த அம்மாள். திறக்கட்டுமா, மூடட்டுமா? நீயே சொல்.

அக்கா

மே 10

அன்புள்ள அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன், படிவம் இத்துடன் வருகிறது.

வேலை செய்யும் இடத்தில் எல்லோரையும் கூட்டி, வீட்டைத் தாளில் வரைந்து காட்டினேன். "ஒரே நாள்ல அடைச்சிட்டாரா?" என்று ஒருவர் சிரித்தார். "ஆமா, எங்க கொள்ளுத்தாத்தா" என்றேன். இவ்வளவு சத்தமாக நான் அங்கே பேசியதே இல்லை. பெருமையாக இருந்தது அக்கா.

வாசலைத் திறந்து வை. ஜூன் முதல் வாரம் வருகிறேன். நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகவே நடந்து வருவேன், எல்லோரும் பார்க்கட்டும்.

உன் தம்பி