இரண்டாம் மாடிக்கு மூன்றாவது ஆள்

லாஸ் ஏஞ்சலஸ்
12 செப்டம்பர் 1977

அன்புள்ள ஹெக்டர்,

நான் நலம். நீ, கார்மென், பெண்கள் எல்லோரும் நலம்தானே? பதினோரு வருஷம் ஒரே காரில் உட்கார்ந்து என் சுருட்டுப் புகையைக் குடித்தவன், நான் போலீஸ் வேலையை விட்டு இங்கே வந்த பிறகு ஒரு வரி எழுதக்கூடாதா? கோபம் இல்லை, சும்மா சொல்கிறேன். கோபம்தான்.

நம் ஸ்டேஷனின் இரண்டாம் மாடியை அப்படியே மரப்பலகையில் கட்டி வைத்திருக்கிறார்கள். டிவி நாடகத்தின் பெயரும் ‘இரண்டாம் மாடி’தான். நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். லாக்கப் கதவு சத்தமே இல்லாமல் மூடியது. “எங்க ஊர் லாக்கப் ஊருக்கே கேக்கும்யா” என்று சொல்லி, கீலில் மணல் போட வைத்தேன். காப்பி மட்டும் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு பொய்யை நான் திருத்தவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலங்கு எப்படிப் பூட்டுவது என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவனை ஒரு வாரத்துக் கதையை எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் திரையில் வரும்! எங்கள் தயாரிப்பாளருக்கு ஒரு கணக்கு உண்டு. வாரத்துக்கு மூன்று பேர் படியேறி வரவேண்டும். இரண்டு பேர் சிரிக்க வைக்க. மூன்றாவது ஆளும் சிரிக்க வைப்பான், ஆனால் அந்தச் சிரிப்பு பார்க்கிறவன் தொண்டையிலேயே நின்றுவிட வேண்டும். முதல் இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள். மூன்றாவது ஆளைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அங்கே யாராவது இருந்தால் எழுது.

உன்
மில்ட்


நியூயார்க்
2 அக்டோபர் 1977

அன்புள்ள மில்ட்,

உனக்கு எழுத நேரமில்லை என்று சொன்னால் நம்புவாயா? நம்பாதே. டைப்ரைட்டரில் ரிப்போர்ட் அடித்து அடித்து, பேனாவைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி.

உன் நாடகத்தை ஒரு வாரமும் விடுவதில்லை. வியாழக்கிழமை ஆனால் கேப்டன் அறையிலிருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து பைல் பீரோ மேல் வைத்துவிடுகிறோம். லாக்கப்பில் இருப்பவனுக்கும் தெரியும்படி திருப்பி வைக்கச் சொல்லி நம் மாடியின் மூத்த அதிகாரி ஃபின்னர்ட்டி உத்தரவு. “அவனும் வரி கட்டறவன்தானே?” என்கிறார். என்னை மாதிரி நடிக்கிறவன் ஏன் அவ்வளவு குண்டு? கார்மென் கேட்கிறாள், நான் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் கேட்டாய். ஒன்று சொல்கிறேன், சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நம் ஃபின்னர்ட்டிதான். மனைவி பெர்னடெட் போன மார்ச்சில் இறந்த பிறகு அவர் அந்த மூன்றாம் மாடிப் பிளாட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பிள்ளை குட்டியும் கிடையாது. இந்தக் கோடையிலிருந்து ஞாயிறு மதியம், சர்ச் முடிந்து வந்ததும், ஸ்டேஷனுக்கு ஒரு போன் வருகிறது. பின்பக்க இரும்புப் படியில் எவனோ ஏறுகிறானாம். பேசுகிறவர் பெயர் மிஸ்டர் கல்லஹான். மூக்கைப் பிடித்துக்கொண்டு நம் ஆளேதான் பேசுகிறார், மில்ட். முப்பது வருஷமாகத் திருடனையே பார்த்த மனுஷன், மட்டமத்தியானத்தில் எந்தத் திருடன் படியேறுவான் என்று யோசிக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சரியாக யோசித்திருக்கிறார். சந்தேக ஆள் என்றால் ரோந்துக்காரர்கள் இரண்டு பேராகத்தான் போகவேண்டும், அது விதி. வீட்டுக்கு இரண்டு பேர் வந்தே ஆகவேண்டும்.

போனால் மேசை மேல் இரண்டு கார்ன்ட் பீஃப் சாண்ட்விச், மெழுகுத்தாளில் சுற்றித் தயாராக. “அட, ஓடிட்டான் போல. வந்தது வந்தீங்க, உக்காருங்க பசங்களா.” கீழே போன் எடுக்கும் சார்ஜென்டுக்குக் குரல் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைக்கிறார். இப்போது ரோந்துக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு போகிறார்கள். போன வாரம் இரண்டு பேருக்குள் அடிதடி, யார் முறை என்று.

எங்களுக்கு இதெல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று மாடி முழுக்க ஒரு ஒப்பந்தம். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்
ஹெக்டர்


லாஸ் ஏஞ்சலஸ்
9 அக்டோபர் 1977

அன்புள்ள ஹெக்டர்,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அதுதான் மூன்றாவது ஆள்.

இதை எழுத அனுமதி கொடு. போலீஸ்காரராக வைக்க மாட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர், வேறு பெயர், வேறு ஜாடை. ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு இடம் வைத்திருக்கிறேன். பொய்ப் புகார் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டி வருகிறார்கள். உன் வேஷக்காரன் கேட்பான், “சரி பெரியவரே, திருடன் என்னதான் எடுத்துட்டுப் போனான்?” கிழவர் சொல்வார், “போன மார்ச்சுலயே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான்.” உன் வேஷக்காரன் போய் ஒரு காப்பி கொண்டுவந்து வைப்பான். முந்நூறு பேரும் கப்சிப். சிரித்ததற்கு வெட்கப்படுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அரைமணி நேரச் சிரிப்பும்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
மில்ட்


நியூயார்க்
17 அக்டோபர் 1977

மில்ட்,

கார்மென் கூடாது என்கிறாள். நீ எழுதியிருந்த கடைசி இடத்தைப் படித்துவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனாலும் கூடாது என்கிறாள்.

தபால்காரர்தானே? சரி. என் வேஷக்காரனைக் கொஞ்சம் இளைக்கச் சொல்.

ஹெக்டர்


நியூயார்க்
13 ஜனவரி 1978

மில்ட்,

நேற்று வியாழக்கிழமை. டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததே நான்தான். உன் பெயர் திரையில் வந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினோம். ஃபின்னர்ட்டி விசிலே அடித்தார். “என் மேசையில பேனா திருடின பயல்டா அவன்” என்று லாக்கப்பில் இருந்த பிக்பாக்கெட்டிடம் உன்னைப் பற்றிப் பெருமை வேறு.

பிறகு அந்தக் கிழவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் பேசினார். முதலில் சிரித்தவன் நான். தெரிந்தும் சிரித்தேன் மில்ட், அந்த நடிகன் அப்படிச் செய்தான். மற்றவர்களும் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு வாயை மூடினார்கள். டிவியில் மட்டும் சிரிப்பு நிற்கவே இல்லை. தபால்காரராம்! இரும்புப் படி இருக்கிறது, ஞாயிறு மதியம் இருக்கிறது, மெழுகுத்தாள்கூட இருக்கிறது. ஏன்டா, அந்தத் தாளையாவது மாற்றியிருக்கக்கூடாதா?

ஃபின்னர்ட்டி திரும்பி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. பிறகு அவரும் சிரித்தார். யாரும் கேட்டிருக்க வேண்டாத சிரிப்பு அது. பிக்பாக்கெட்தான் கம்பிக்குள்ளிருந்து, “அதை அணைங்கய்யா, நல்லாவா இருக்கு?” என்றான்.

உன் கடைசி இடத்துக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் அவருக்குப் புரியும், யாரும் கேலி செய்யவில்லை என்று தெரியும் என்று நம்பியிருந்தேன். சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்களும் ஓடினார்கள். உடனே நாய்த் தீனி விளம்பரம் வந்துவிட்டது.

காப்பி எங்கே மில்ட்? அந்த மார்ச் மாதம் எங்கே?

ஹெக்டர்


லாஸ் ஏஞ்சலஸ்
19 ஜனவரி 1978

அன்புள்ள ஹெக்டர்,

நீ போனில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சமாதானத்துக்காக இல்லை. அந்தக் காட்சியைப் படம் பிடித்தது உண்மை. முந்நூறு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்ததும் உண்மை. விளக்குப் போடும் ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் சாண்ட்விச் இடத்தில் ஜனங்கள் எதிர்பார்த்ததைவிட நீளமாகச் சிரித்துவிட்டார்கள். நேரம் தாண்டிவிட்டது. எதையாவது வெட்டவேண்டும். சிரிப்பை எவன் வெட்டுவான்? “கடைசி வேணாமே மில்ட், அதான் ஏற்கெனவே நல்லா வந்துடுச்சே” என்றார் தயாரிப்பாளர். மூன்றாவது ஆள் தொண்டையில் நிற்கவேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்ன அதே மனுஷன்.

நான் தலையாட்டினேன், ஹெக்டர். யாரும் என் கையை முறுக்கவில்லை. என் பெயர் வரும் முதல் வாரம் அது. முரண்டு பிடித்தால் இரண்டாவது வாரம் கிடைக்காதோ என்று பயம். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு இந்த ஆசை வரக்கூடாது.

ஃபின்னர்ட்டிக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். ‘அன்புள்ள’ என்பதைத் தாண்டவில்லை. அவர் எப்படி இருக்கிறார்? ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததா?

மில்ட்


நியூயார்க்
14 பிப்ரவரி 1978

மில்ட்,

போன் வந்ததா என்று கேட்டிருந்தாய். வரவில்லை. அந்த வியாழனுக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட வரவில்லை. ஆபீசில் எப்போதும்போல இருந்தார், ஜோக் அடித்தார். ரோந்துக்காரர்களிடம் “சாப்பிட்டீங்களாடா?” என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். நானே ஒரு ஞாயிறு போய்க் கதவைத் தட்டினேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியே பார்த்து, “யாரும் கூப்பிடலையே ஹெக்டர்” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும்.

போன வாரப் பனியைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பனிக்கு முந்தின ஞாயிறு மதியம் அவர் ஜன்னல் திரையை மாட்ட ஸ்டூல் மேல் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திங்கட்கிழமை ஊரே பனியில் புதைந்துவிட்டதால் பாதிப் பேர் டூட்டிக்கு வரவில்லை. அவர் வராததை யாரும் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டை உடைத்துப் போனோம். சமையலறைத் தரையில் கிடந்தார். டெலிபோன் வயரைப் பிடித்து இழுத்துத் தம் பக்கம் கொண்டுவந்திருந்தார். ரிசீவர் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் கேட்டேன், “கையிலதான போன் இருந்துச்சு, ஏன் கூப்பிடல?” அவர் சொன்னார், “ஞாயித்துக்கிழமைப்பா. சிரிப்பாங்களேன்னுதான்.”

பிழைத்துவிட்டார். நிமோனியா வந்து போயிருக்கிறது. இனிமேல் கோல் இல்லாமல் நடக்கமாட்டார், வேலை முடிந்தது. டாக்டர் இவ்வளவுதான் சொன்னார். மற்றதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீ எழுதினாய், நான் கொடுத்தேன். கார்மென் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அதற்குப் பதில் இரண்டு அறை வைக்கலாம்.

ஹெக்டர்


லாஸ் ஏஞ்சலஸ்
21 பிப்ரவரி 1978

அன்புள்ள ஹெக்டர்,

உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லமுடியாது. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நிஜமாகவே அழுதேன், மூக்கு ஒழுக. படித்து முடித்துக் கீழே வைத்தபோது பார்த்தேன், ‘ரிசீவர் கையிலேயே இருந்தது’ என்ற வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு. நான் போட்டதுதான். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டே போட்டிருக்கிறேன்.

நான் என்ன ஆளாகிவிட்டேன், ஹெக்டர்?

பென்சிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். ஆபீசில் இன்னொரு டப்பா பென்சில் இருக்கிறது. தயாரிப்பாளர் இரண்டாவது வாரம் கேட்டிருக்கிறார், பதில் சொல்லவில்லை. வெட்டிய கடைசிக் காட்சியின் சுருளை வாங்கி வைத்திருக்கிறேன், ஃபின்னர்ட்டிக்குப் போட்டுக் காட்டலாமா என்று ஒரு யோசனை. அதுவும் எனக்காகத்தானோ?

அவருக்கு என்மேல் கோபமா? என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? எதுவானாலும் எழுது, வசவானாலும் சரி.

மில்ட்


நியூயார்க்
5 மார்ச் 1978

அன்புள்ள மில்ட்,

ஃபின்னர்ட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று மாடி ஏறமுடியாது என்பதால் ரோந்துப் பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம், “மெதுவாடா, இது சாட்சிப் பொருள் இல்ல, நான்” என்று அதட்டல். இன்று ஞாயிறு. மதியம் நானும் கார்மெனும் போனோம். யாரும் போன் செய்யவில்லை, நாங்களாகப் போனோம். கார்மென் சாண்ட்விச் செய்தாள், அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பென்சில் கோடு வரை, முழுக்க. உன்னைக் கேட்காமல் செய்தேன். நீயும் என்னைக் கேட்டுவிட்டா மெழுகுத்தாளை எழுதினாய்?

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தத் திரை இன்னும் பாதிதான் மாட்டியிருக்கிறது. பிறகு உன்னைப் பற்றி ஒன்று சொன்னார். கார்மெனுக்குப் புரையேறிவிட்டது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரித்து முடிக்கும்போது என் முகம் நனைந்திருந்தது. அவரும் அப்படித்தான். உன் தயாரிப்பாளர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். நீங்கள் முந்நூறு பேரை உட்கார வைத்துத் தேடுவது அதுதான்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன், மில்ட். உன்னை நம்புகிறேன், உன் கையை நம்பவில்லை. என் கையையும்தான். இனி இந்த மாடியிலிருந்து உனக்கு ஒரு கதையும் வராது. கார்மென் சமையல், பெண்களின் பரீட்சை, என் தொந்தி, இவ்வளவுதான் எழுதுவேன்.

அதைக் கேட்கவேண்டுமானால் நீ வரவேண்டும். பென்சில் இல்லாமல் வா. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் அவர் சங்கிலியைக் கழற்றுகிறாரா என்று பார்க்கலாம். எனக்குத் தெரியாது. சுருளைக் கொண்டுவராதே.

ஹெக்டர்