போர்டுக்குத்தான் பர்மிஷன்

21-7-2010, புதன். சிதம்பரம்.

தமிழ் பெருசா, இங்கிலீஷ் சின்னதா இருக்கணும்னு நகராட்சி ஆபீசர் என் தையக்கடை போர்டை ரெண்டு தடவை அழிச்சு எழுத வச்சார். இன்னைக்குத்தான் பர்மிஷன் கைக்கு வந்துது. கடைக்கு வந்து பாத்தா போர்டையே காணோம். கவுன்சிலர் பேத்திக்குக் காதுகுத்தாம், அது மேலயே பேனர் கட்டி மறைச்சிருக்கானுங்க.

திரும்ப ஆபீசுக்கே போனேன். "சார், அந்த பேனருக்குப் பர்மிஷன் இருக்கா?"

"நம்ம வூட்டு விசேஷம் மாதிரி பாய், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க"ன்னு இளிச்சார். த்தூ!

கடையைப் பூட்டும்போது நிமிர்ந்து பேனரைப் பாத்தேன். 'வாழ்த்தும் நெஞ்சங்கள்'னு அடியில வரிசையா மூஞ்சிங்க. அதுல என் மூஞ்சியும் இளிக்குது. போட்டோ எங்க புடிச்சானுங்களோ, என்னை எவன் கேட்டான்? அதுக்குக் கீழ என் கடைப் பேரு, கொட்டை எழுத்துல. முழுக்க இங்கிலீஷ்.