நாற்றுக்குக் காவல்

யங்யாங்
பிப்ரவரி 18, 1979

அன்புள்ள கும்சுன் அக்காவுக்கு,

தேகு நகரத்துக்கு, என் நூடுல்ஸ் கடைக்கே வந்துவிடு, மாடி அறை உனக்காகக் காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் அழுகையே வந்துவிட்டது. எப்படிக் கிளம்புவேன், சொல்? அவர் செத்த பிறகு வீட்டில் நானும் மாமியாரும்தான். மிளகாய் விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, என் வயிற்றில் கட்டிவிட்டிருக்கிறார். "உடம்புச் சூட்டுலதாண்டி முளைக்கும். வெளிக்காத்துல போனே, விதை செத்துரும்"னு உத்தரவு. கிணற்றடிக்குக்கூடப் போகக்கூடாதாம். பிள்ளை பெறாதவளுக்கு இப்படி ஒரு பிள்ளைத்தாய்ச்சி வேஷம்! முளை விட்டதும் வந்துவிடுகிறேன்.

பில்லோக்

தேகு
மார்ச் 9

அடி பில்லோக்,

முளை விட்டாச்சு, இப்போ நாற்று அறைக்குள் இருக்கு, அடுப்பு அணையாமல் பார்க்கணும் என்கிறாய். அப்புறம் நடவு, அப்புறம் பறிப்பு, அப்புறம் காயப்போடுவது. உன் மாமியார் கெட்டிக்காரிதான்! முப்பது வயசுக்குள் உன்னையும் சேர்த்துக் காயப்போட்டுவிடுவாள். இங்கே மாவு பிசைந்து பிசைந்து என் தோள் இற்றுப்போகிறது. வீட்டுச் சொந்தக்காரர் மாடி அறைக்கு வேறு ஆள் பார்க்கிறார். மாதக் கடைசி வரைக்கும்தான் என்னால் பிடித்துவைக்க முடியும். நாற்று செத்தால் சாகட்டும், நீ வந்து சேர்.

உன் அக்கா கும்சுன்

யங்யாங்
மார்ச் 27

அக்கா,

உன் கடிதம் வந்த மறுநாள் மாமியார் சந்தைக்குப் போனார். பனிக்காற்று அடித்தது. அடுப்பை அணைத்து, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு நாற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் துவண்டு விழுந்தன. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இனி என்னைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை என்று துணிமணிகளை மூட்டை கட்டினேன்.

மாமியார் வந்து பார்த்தார். திட்டவே இல்லை. "அடுப்பு அணைஞ்சிருச்சா? அசந்து தூங்கிட்டியாம்மா? போகட்டும் போ"ன்னு என் தலையைத் தடவினார். பாவி நான், மூட்டையைக் காலால் மறைவாகத் தள்ளினேன்.

சாயந்திரத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு தங்கள் நாற்றில் ஒரு பங்கைப் போர்வையில் பொதிந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். "புருஷனத்தான் வாரிக் குடுத்தே, வெள்ளாமையும் போகணுமா?"ன்னு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இப்போது நாற்று அறையில் கால் வைக்க இடமில்லை.

இங்கே இதற்கெல்லாம் காசு கொடுத்தால் அவமானம், உனக்குத் தெரியாததா? உழைப்புக்கு உழைப்புதான். நாற்று கொடுத்த ஒவ்வொரு வீட்டு வயலிலும் நட்டுக் கொடுக்கணும், பறித்துக் கொடுக்கணும். "எங்க பில்லோக் எல்லார் வயலுக்கும் வருவா"ன்னு மாமியார் முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். அத்தனை பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அக்கா. நான் செய்ததைச் சொல்லவா முடியும்?

அந்த மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

பில்லோக்