பெட்டியில் வந்த பூட்ஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. எனக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, ஆனால் கடைக்காரர் பழைய பிரேமையே பளபளவென்று துடைத்துப் புதிது என்று தலையில் கட்டிவிட்டாரோ என்று ஒரு சந்தேகம். சிரிக்காதே. மணலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறவன், தார்ப்பாய்க்கு அடியில் கிளீனரைப் படுக்கவைத்துக் கொண்டு வருகிறவன் என்று ஆயுசு முழுக்க லாரி எடைமேடையில் பார்த்தவனுக்கு, யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கிற புத்திதான் வரும். அதனால்தானே உன் தம்பி எனக்கு எடைக்கல் என்று பேர் வைத்தான்.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்து அம்மாள் ஆதாரம் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். போனில் அரைகுறையாகச் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

ராணுவ அலுவலகத்திலிருந்து வந்த இருவர், குண்டு விழுந்து உன் தம்பி போய்விட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று சொல்லி ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. பெட்டியில் ஒரு துண்டு, சவரக்கத்தி, இரண்டு பனியன், ஒரு ஜோடி பூட்ஸ். அம்மா துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கொத்து வேலைக்குப் போன புதிதில் சாரத்திலிருந்து விழுந்து இடது பாதம் முறிந்து, கொஞ்சம் கோணலாகக் கூடியது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அவன் போட்ட எந்தச் செருப்பும் இடது குதியில் வெளிப்பக்கம்தான் தேயும். சண்டை வந்த பிறகு காலைக்கூடப் பார்க்காமல் ஆள் எடுத்தார்கள், இல்லாவிட்டால் அவனை யார் சேர்த்திருப்பார்கள். பெட்டியில் வந்த பூட்ஸில் இடது குதி முழுசாக இருந்தது. வலது குதிதான் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அடியில் ஒரு விரல் நுழைகிற கிழிசல் வேறு. இது என் பிள்ளை நடந்த பூட்ஸ் இல்லை. பெட்டி மாறியிருந்தால் ஆளும் மாறியிருக்கலாம் இல்லையா?

ராணுவ அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா பூட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நம்பர் சரியாத்தானே இருக்கு பெரியவரே, அப்புறம் என்ன?” என்றார். ஒரே நம்பர் கால் ஆயிரம் பேருக்கு இருக்குமே என்றேன். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதுதான் எனக்கு இடித்தது. தப்பு இல்லாத இடத்தில் டீ எதற்கு? மேலதிகாரி என் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எடை குறைகிற லாரிக்காரனும் இப்படித்தான் தோளில் கைபோடுவான்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் யாரையும் அழவிடவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அவன் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, ஆணியும் சுத்தியலுமாக வந்தார். போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கூடத்துச் சுவர் அவன் பட்டாளத்துக்குப் போகும் முன்பு கடைசியாகப் பூசியது. என் பூச்சில் ஆணி இறக்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான், வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்றேன். அம்மா போட்டோவைத் தன் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்தாள். அவள் என்னை நம்பினாளா, எனக்காக நம்புகிற மாதிரி இருந்தாளா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவன் வந்தான். உன் தம்பி வயதுதான் இருக்கும், ஒட்டகம் மாதிரி நெட்டையாக. அவனோடு பட்டாளத்தில் இருந்தவன் என்றான். சாவு வீடு தேடி வருகிறவர்களை எனக்குத் தெரியும், சர்க்கார் பணம் வந்திருக்குமா என்று மோப்பம் பிடிக்கிற கூட்டம். வாசலிலேயே நிறுத்தி, என் மகன் என்னை என்ன பேர் சொல்லுவான் என்று கேட்டேன். எடைக்கல் என்றான். இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே, அதனால் மனம் ஒப்பவில்லை. அம்மாதான் வந்த பிள்ளையை வெயிலில் நிற்கவைத்து விசாரணை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று உள்ளே கூப்பிட்டாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகக் கூடத்துச் சுவருக்குப் போய் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். “எங்க போனாலும் இப்படித்தான் தட்டுவான் அப்பா. உள்ள பொள்ளலா இருந்தா பூசினவனத் திட்டுவான். எங்க வீட்டுச் சுவத்துல ஆணியே இறங்காதுன்னு பீத்திக்குவான்” என்றான்.

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வாசலுக்குப் போய், அவன் கழற்றிப் போட்ட பூட்ஸைத் திருப்பினேன். இடது குதி வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது.

திரும்பி வந்து, இது உனக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்டேன். அன்று வந்தவனுக்குக் காய்ச்சலாம், ராத்திரிக் காவல் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில், அவன் பூட்ஸோ கிழிசல். உன் தம்பி தன்னுடையதைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டு, கிழிந்ததைத் தான் போட்டுக்கொண்டு, “நாளைக்குத் திருப்பிக் குடுத்துடணும், பழகின பூட்ஸ்டா” என்றானாம். விடிந்ததும் உன் தம்பி பதுங்குகுழிச் சுவருக்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தானாம், அங்கேயும் அதே வேலை. அப்போதுதான் குண்டு விழுந்ததாம். தூக்கினவர்களில் தானும் ஒருவன், முகத்தைப் பார்த்தேன் என்றான். திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன் என்றான்.

என் சந்தேகம் சரிதான் மகளே. பூட்ஸ் அவனுடையது இல்லை. போனது அவன்தான்.

உன் அம்மா அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்ப அவன் கால் நனைஞ்சேதான் இருந்திருக்கும், இல்லப்பா?” அவள் அவனைச் சாப்பிடவைத்து அனுப்பினாள். பெட்டியில் வந்த தன் பூட்ஸை அவன் போட்டுக்கொண்டான். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன், அப்போதும் இந்தப் பாழும் புத்தி விடவில்லை. வலது கால் உள்பக்கமாகத்தான் மடிந்து மடிந்து போயிற்று.

இப்போது அம்மா அழுகிறாள், நான் தடுக்கவில்லை. நீயும் அழுதுவிடு, மனசுக்குள் போட்டுக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. போட்டோ மிஷின்மேலேயே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம், அந்தச் சுவரில் யாரும் ஆணி இறக்கப் போவதில்லை. உன் தம்பியின் பூட்ஸ் வாசலில், அவன் விடுகிற இடத்தில் இருக்கிறது.

குட்டிக்கு எங்கள் முத்தம். நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, அந்தத் தேடும் அலுவலகத்துக்கு இனிமேல் போக வேண்டாம். ஒரே ஒருமுறை போய், எங்களுக்காகத் தேடின அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அவன் கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா, எடைக்கல்